இரண்டு கைபேசிகளும் ஓர் அரக்குப் போர்வையும்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் பெரியோர். ஆற்றில் இறங்குகிறவர்களுக்கு மட்டுமல்ல, கடைக்குள் நுழைகிறவர்களுக்கும் இப்பழமொழி பொருந்தும் என்பதை 2024ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்னால் எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டோம். ஒரு கைபேசி வாங்குவதற்கு ஒரு மாத காலம் ஆராய்ந்தோம் என்றால் தோழியர் சிரிக்கக்கூடும். நாங்களும் அப்போது சிரித்தவர்கள்தாம். ஆயினும் அந்த ஒரு மாதத்தில் கைபேசியைப் பற்றி மட்டுமன்றி வேறொன்றையும் அறிந்துகொண்டோம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் ஊர் சென்னிமலை. முருகன் கோயிலுக்கு 1,320 படிகள் ஏறிச் செல்லும் மலை ஒரு புறம். பெட்ஷீட்டும் போர்வையும் துண்டும் நெய்யும் தறிகள் மறுபுறம். எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறிகள் உள்ளன. ஒன்றில் அப்பாவும் மற்றொன்றில் அம்மாவும் அமர்ந்து நெய்கிறார்கள். ஆத்தா ராட்டையில் தார் சுற்றுவார். பிள்ளைகள் நாங்கள் இருவர். மூத்தவள் பத்தாம் வகுப்பு. இளையவள் ஐந்தாம் வகுப்பு. இத்தனை பேருக்கும் சேர்த்து வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட்போன்.

அந்தக் கைபேசி எங்களுக்கு விளையாட்டுப் பொருள் அன்று. நாடாவும் பண்ணையும் எப்படித் தறிக்கு வேண்டுமோ அப்படியே அதுவும் வேண்டியதாகிவிட்டது. முன்பெல்லாம் வியாபாரிகள் நேரில் வந்து துணியைத் தொட்டுப் பார்த்து விலை பேசுவார்களாம். இன்றோ வாட்ஸ்அப்பில் படம் கேட்கிறார்கள். படம் பிடித்திருந்தால் ஆர்டர்; இல்லாவிட்டால் பதிலே வராது. பகலில் அப்பாவின் சட்டைப் பையில் ஊர் சுற்றும் அக்கைபேசி இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பிய பிறகே எங்கள் வகுப்புச் செய்திகளைப் பார்ப்போம். திரையின் ஒரு மூலையில் விரிசல். ஒரு படத்தைச் சேமிக்க வேண்டுமானால் இன்னொரு படத்தை அழிக்க வேண்டும்.

இந்நிலையில் 2023ஆம் ஆண்டு ஒரு சம்பவம் நடந்தது. வெளியூர் வியாபாரி ஒருவர் போர்வையின் நிறம் பார்க்கப் படம் கேட்டார். அப்பா பாவு பிணைத்துக்கொண்டிருந்ததால் படம் எடுக்கும் வேலை எங்களில் மூத்தவளிடம் வந்தது. இரவு நேரம், டியூப் லைட் வெளிச்சம், போதாதென்று ஃபிளாஷும் போட்டு எடுத்தாள். படம் பளிச்சென்று விழுந்தது. வியாபாரி உடனே 24 போர்வைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். அனுப்பினோம். பத்தாம் நாள் மூட்டை திரும்பி வந்துவிட்டது. படத்தில் மிளகாய்ச் சிவப்பாக இருந்தது, கையில் அரக்காக இருக்கிறது என்றார் அவர். போக வர லாரி வாடகை எங்கள் தலையில் விழுந்தது. அப்போர்வைகளை அடக்க விலைக்கும் குறைவாகக் கொடுத்துத் தீர்த்தோம். அந்த மாதம் வீட்டில் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. அப்பா மட்டும் ஒரு நாள், “இந்தப் போன் பழசாயிருச்சு, நெறத்தைச் சரியாக் காட்ட மாட்டேங்குது” என்றார். பழி போன்மேல் விழுந்ததில் எங்களில் ஒருத்திக்குப் பெருத்த நிம்மதி.

2024 ஐப்பசியில் அம்மா போட்டு வந்த சீட்டுப் பணம் கைக்கு வந்தது. கைபேசிக்கு 20,000 ரூபாய்க்கு மேல் ஒரு காசும் இல்லை என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஆளுக்கொரு யோசனை புறப்பட்டது. மாமா மகன் ஒன்றைச் சொன்னான். பக்கத்து வீட்டு அண்ணன் வேறொன்றைச் சொன்னார். வடிகட்டி வடிகட்டி இறுதியில் இரண்டே நின்றன. ஒன்று, 2024 ஜனவரியில் இந்தியாவில் வெளியான ரெட்மி நோட் 13 5ஜி. மற்றொன்று, 2023 டிசம்பரில் வெளியான சாம்சங் கேலக்ஸி ஏ15 5ஜி.

எங்களுக்கு அறிவியல் கற்பிக்கும் சிஸ்டரிடம் கேட்டோம். அவர் எதை வாங்கு என்றும் சொல்லவில்லை, வாங்காதே என்றும் சொல்லவில்லை. “ஒரு தாளை இரண்டாக மடித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு, உங்களுக்கு உண்மையில் எது தேவையோ அதற்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள்” என்றார். அவ்வாறே ரஃப் நோட்டின் நடுப்பக்கத்தில் எழுதலானோம்.

முதலாவது விலை. அறிமுகமானபோது 6 ஜி.பி. நினைவகமும் 128 ஜி.பி. சேமிப்பிடமும் கொண்ட ரெட்மியின் விலை 17,999 ரூபாய். 8 ஜி.பி.யும் 128 ஜி.பி.யும் கொண்ட சாம்சங் 19,499 ரூபாய். வேறுபாடு 1,500 ரூபாய். அதோடு ரெட்மியின் பெட்டிக்குள்ளேயே சார்ஜர் இருக்கும். சாம்சங்குக்குத் தனியாக வாங்க வேண்டும். எனவே முதல் வரியில் ரெட்மிக்கே வெற்றி.

இரண்டாவது திரை. இரண்டும் அமோலெட் வகையைச் சேர்ந்தவை. ரெட்மியின் திரை 6.67 அங்குலம், நொடிக்கு 120 முறை புதுப்பித்துக்கொள்வது. சாம்சங்கின் திரை 6.5 அங்குலம், நொடிக்கு 90 முறை. எண் கூடக் கூட விரலால் தள்ளும்போது எழுத்துகள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் நகரும். பார்க்க இனிமைதான். ஆனால் அசையாமல் கிடக்கும் போர்வைப் படத்திற்கு 120 ஆனாலென்ன, 90 ஆனாலென்ன!

மூன்றாவது காமிரா. ரெட்மியில் 108 மெகாபிக்சல், சாம்சங்கில் 50. இளையவள் துள்ளிக் குதித்தாள். “108தான் வேணும்” என்று ஒற்றைக் காலில் நின்றாள். “108ங்கறது ஆம்புலன்ஸ் நம்பரல்லோ சாமி” என்றார் ஆத்தா. வீடே சிரித்தது. ஆயினும் எண் பெரிதாயிருந்தால் படமும் அவ்வளவு சிறந்துவிடுமா என்று சிஸ்டரிடம் கேட்டோம். அப்போது ஒரு புதுச் செய்தி கிடைத்தது. 108 மெகாபிக்சல் காமிரா சாதாரணமாகப் படம் எடுக்கும்போது ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒரு புள்ளியாக்கி 12 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. 50 மெகாபிக்சல் காமிரா நான்கு நான்காகச் சேர்த்து ஏறத்தாழ 12.5 மெகாபிக்சல் படம் தருகிறது. வெளிச்சம் குறைவான இடத்திலும் படம் தெளிவாக விழுவதற்காகவே இந்த ஏற்பாடாம். மெல்லிய இழைகள் ஒன்பதை முறுக்கினாலும், சற்றுத் தடித்த இழைகள் நான்கை முறுக்கினாலும், இறுதியில் ஊடைக்கு வருவது ஒரே ஒரு நூல்தானே! இளையவளுக்கு இது பிடிக்கவில்லை, எனினும் ஒப்புக்கொண்டாள்.

நான்காவது பேட்டரி. இரண்டிலும் 5,000 மில்லி ஆம்பியர் மணி, சமம். ரெட்மி 33 வாட் வேகத்திலும் சாம்சங் 25 வாட் வேகத்திலும் மின்சாரம் ஏற்றிக்கொள்ளும். ஐந்தாவது எடை. ரெட்மி சுமார் 174 கிராம். சாம்சங் 200 கிராம். இவ்விரண்டு வரிகளிலும் ரெட்மியே முந்தியது.

எடையை எழுதும்போது மூத்தவளுக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 1973 ஏப்ரல் 3ஆம் நாள் மார்ட்டின் கூப்பர் என்பவர் நியூயார்க் தெருவில் நின்று உலகின் முதல் கைபேசி அழைப்பைச் செய்தபோது அவர் கையிலிருந்த கருவி ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளதாம். இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31ஆம் நாள். மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அப்பாவின் முதல் கைபேசி டார்ச் விளக்கு வைத்த நோக்கியா 1100. 2003இல் வெளிவந்த அம்மாதிரி உலகமெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றதாகும். அந்நிறுவனம் 2006இல் நம் திருப்பெரும்புதூரிலேயே தொழிற்சாலை தொடங்கி 2014 நவம்பரில் மூடிவிட்டது. தொழிற்சாலை மூடிய பின்னும் அப்பாவின் கைபேசி ஓடிக்கொண்டிருந்தது என்று ஆத்தா இன்றும் பெருமையாகச் சொல்வார்.

இப்பேச்சைக் கேட்ட அப்பா தறியிலிருந்தபடியே ஒரு கேள்வி கேட்டார். “அதெல்லாஞ் செரி அம்மிணி. எது எத்தனை வருசம் உழைக்கும்?”

அவ்வளவு வரிகள் எழுதியும் அந்த வரியை நாங்கள் எழுதவே இல்லை!

ஸ்மார்ட்போன் கீழே விழுந்து உடைவதால் மட்டும் பழசாவதில்லை. அதனுள் இயங்கும் ஆண்ட்ராய்டு மென்பொருளையும் பாதுகாப்புத் திருத்தங்களையும் நிறுவனம் அவ்வப்போது அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். அது நின்றுபோனால் திருடர்களுக்குக் கதவு திறந்த வீடு போலாகிவிடும். வங்கிக் கணக்கு வைத்திருக்கும் கைபேசிக்கு அது நல்லதன்று. ஏ15க்கு நான்கு தலைமுறை ஆண்ட்ராய்டு மாற்றங்களும் ஐந்தாண்டுப் பாதுகாப்புத் திருத்தங்களும் தருவதாக சாம்சங் அறிவித்திருந்தது. ரெட்மிக்குச் சொல்லப்பட்ட காலம் அதைவிடக் குறைவு.

உடனே கணக்குப் போட்டோம். சாம்சங்கின் விலை 19,499. சார்ஜருக்கு 1,000 என்று வைத்துக்கொண்டால் 20,499. ஐந்தாண்டுக்கு வகுத்தால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,100 ரூபாய். ரெட்மியின் 17,999ஐ இந்த 4,100ஆல் வகுத்தால் வருவது 4.39. அதாவது, ரெட்மி நான்கு ஆண்டு ஐந்து மாதம் உழைத்தால் இரண்டும் ஒரே செலவு. அதற்கு மேலும் உழைத்தால் ரெட்மி மலிவு. குறைவாக உழைத்தால் சாம்சங் மலிவு. கைப்பிடிச் சுவரிலிருந்து விழுந்துவிட்டால் எந்தக் கணக்கும் செல்லாது என்று அம்மா அடியில் ஒரு குறிப்புச் சேர்த்தார்.

தாள் நிறைந்துவிட்டது. ஆனால் நிறம்? எங்களை நட்டப்படுத்திய அந்த அரக்கு நிறத்தை எந்தக் கைபேசி சரியாகக் காட்டும் என்பதைத் தாளில் எழுத வழியில்லை. “துணியையே எடுத்துக்கிட்டுப் போலாம்” என்றார் அப்பா.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் ஈரோட்டுக்குப் பஸ் ஏறினோம். அம்மாவின் பையில் விற்காமல் நின்ற அரக்குப் போர்வை ஒன்று. கைபேசிக் கடைக்குள் போர்வையைப் பிரித்ததும் அங்கிருந்தவர்கள் எங்களை விசித்திரமாகப் பார்த்தார்கள். “அண்ணா, இது போன் கடைங்க” என்றான் கடைத் தம்பி. அப்பா விவரம் சொன்னதும் அவனுக்கே ஆவல் பிறந்துவிட்டது. காட்சிக்கு வைத்திருந்த இரண்டு கைபேசிகளையும் எடுத்துத் தந்தான்.

கடையின் வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் முதலில் எடுத்தோம். இரண்டிலும் படம் அழகாக விழுந்தது. ஆனால் போர்வையை அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே அந்த அரக்கு அன்று. ஃபிளாஷ் போட்டு எடுத்தோம். அவ்வளவுதான், இரண்டிலும் மிளகாய்ச் சிவப்பு! 2023இல் எங்கள் பழைய கைபேசி காட்டியதும் அதே சிவப்புத்தான்.

அம்மா ஒன்றும் சொல்லாமல் போர்வையைக் கடை வாசற்படிக்குக் கொண்டு போனார். காலை பதினோரு மணி. வெயில் நேரே விழாத நிழல். நல்ல பகல் வெளிச்சம். கடைத் தம்பி இரண்டு கைபேசிகளோடும் கூடவே வந்தான். அங்கே எடுத்த படங்களில் இரண்டு கைபேசிகளும் ஏறத்தாழ அரக்கையே காட்டின. பிறகு அப்பா தம் சட்டைப் பையிலிருந்து விரிசல் விழுந்த பழைய கைபேசியை எடுத்து அதே இடத்தில் ஒரு படம் பிடித்தார். படம் சற்று மங்கல்தான். ஆனால் நிறம் அரக்கு, அசல் அரக்கு.

எங்களில் மூத்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. தவறு பழைய கைபேசியுடையது அன்று; இரவில் ஃபிளாஷ் போட்டு எடுத்தவளுடையது. ஓராண்டுக்கும் மேலாக அந்தப் பழியை வாயில்லாத கருவி சுமந்து வந்திருக்கிறது. பஸ் நிலையம் போகும் வழியில் அவள் அப்பாவிடம் அதைச் சொன்னாள். சொல்வதற்குள் கண்ணீர் முந்திக்கொண்டது.

“எனக்கு அன்னைக்கே தெரியுங் கண்ணு” என்றார் அப்பா. “சாயத்தை ராத்திரியில பாக்கக் கூடாதுன்னு எங்கப்பாரு எனக்குச் சின்னதிலயே சொல்லிக் குடுத்தாரு. அந்தப் படம் போறதுக்கு முன்னால ஒருக்கா நாம் பாத்திருக்கோணும். பாக்கலை. அது எந் தப்பு. போன்மேல போட்டா யாருக்கும் வலிக்காதுன்னுதான் அப்படிச் சொன்னேன்.”

அன்று ஒன்றும் வாங்காமலே திரும்பினோம். திங்களன்று சிஸ்டரிடம் நடந்ததைக் கூறினோம். நம் கண் எவ்வகை விளக்கிலும் வெள்ளைத் தாளை வெள்ளையாகவே பார்க்கப் பழகிக்கொள்கிறது. காமிராவோ அந்த இடத்தில் எது வெள்ளை என்று ஊகித்தே மற்ற நிறங்களை முடிவு செய்கிறது. ஊகம் தவறினால் நிறம் முழுவதும் தவறும் என்று அவர் விளக்கினார். ஆகவே பகல் நிழலில், துணியின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுக்குமாறு சொன்னார். பெறுகிறவரும் தாளைப் பார்த்து நிறத்தை மதிப்பிடலாம் அல்லவா?

பிறகு ரஃப் நோட்டைத் திறந்து அடிக்கோடு போட உட்கார்ந்தோம். காமிராவுக்குக் கோடு விழவில்லை. இரண்டும் எங்களுக்குப் போதும். வேகத்திற்கும் எடைக்கும் கோடு விழவில்லை. ‘எத்தனை ஆண்டு’ என்ற ஒரே வரிக்கு அப்பா, அம்மா, மூத்தவள் மூவரும் கோடு போட்டோம். ஐந்தாண்டு கழித்து இன்றைய இளையவள் பத்தாம் வகுப்பில் இருப்பாள் என்று அம்மா சொன்னதும் அவளும் கோடு போட்டாள். அடுத்த வாரம் சாம்சங்கை வாங்கினோம். அதற்குள் விலையும் சற்று இறங்கியிருந்ததால் சார்ஜரோடு சேர்த்து அம்மாவின் 20,000க்குள் அடங்கியது.

அதே கடையில் அதே நாள் எங்கள் பெரியப்பா மகள் ரெட்மியை வாங்கினாள். விடுதியில் தங்கிப் படிக்கும் அவளுக்கு எடை குறைவும், விரைவில் சார்ஜ் ஏறுவதும், பெட்டியிலேயே சார்ஜர் கிடைப்பதும் தேவையாயிருந்தன. அவள் தேர்வு அவளுக்குச் சரி. எங்கள் தேர்வு எங்களுக்குச் சரி.

வாங்கும்போது கற்ற சிலவற்றையும் தோழியருக்குச் சொல்லிவிடுகிறோம். எந்தக் கைபேசியிலும் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும், அது பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். கைபேசியின் கதிர்வீச்சுக்கு இந்தியாவில் ஒரு கிலோவுக்கு 1.6 வாட் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த அளவையும் பார்த்து வாங்கலாம். பில் இல்லாமல் வாங்கவே கூடாது. கைபேசிக்கு 2020 ஏப்ரல் முதல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்பதால், 17,999 ரூபாயில் 2,745 ரூபாய் வரியாகவே போகிறது. இந்தக் கணக்கைச் சொன்னதும் ஆத்தா பில்லை வாங்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் சில விதிகள் உண்டு. பகலில் கைபேசி தறிக்குச் சொந்தம். மாலை ஏழு முதல் எட்டு வரை பாடத்திற்குச் சொந்தம். இரவில் அலமாரியின் மேல்தட்டில் அது உறங்கும். நாங்கள் கீழே உறங்குவோம். துணியைப் படம் எடுப்பது காலை பத்து மணிக்குத் திண்ணையில், வெள்ளைத் தாளோடு. எடுத்த படத்தை இன்னொருவர் பார்த்த பிறகே அனுப்புவது. அந்த வேலை இன்றும் எங்களில் மூத்தவளுடையதே. அப்பா அதை வேறு எவரிடமும் மாற்றவில்லை.

புதுக் கைபேசியில் நாங்கள் முதன்முதலில் அனுப்பிய படமும் அரக்குப் போர்வைதான், ஈரோட்டுக்குப் போய் வந்த அதே போர்வை. ஒரு புது வியாபாரி 12 போர்வைகள் கேட்டார். அனுப்பிவிட்டுப் பத்து நாள் மூட்டை திரும்பி வருமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதினோராம் நாள் பணம் வந்தது. கூடவே, “படத்தில் பார்த்த நிறமே” என்று இரண்டு சொல்லுக்கு மேல் ஒரு சொல்லாகச் செய்தியும் வந்தது.

பொருள்களை ஒப்பிடுவது நல்லதே. ஆனால் அதற்கு முன்னால் நமக்கு என்ன தேவை என்பதையும், நம் குறை எது, கருவியின் குறை எது என்பதையும் பிரித்தறிய வேண்டும். அதைக் கற்றுத் தந்த சிஸ்டருக்கும், கடிந்துகொள்ளாமல் பொறுத்த பெற்றோருக்கும் எங்கள் நன்றி. விரிசல் விழுந்த பழைய கைபேசியை நாங்கள் எறிந்துவிடவில்லை. ஆத்தாவின் தலைமாட்டில் அது இன்னும் காலை ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கிறது.